நெப்டியூன் வரை மூன்றேகால் கிலோமீற்றர்

நெடுந்தீவில் நான் விஞ்ஞானம் படிப்பித்த மூன்றாவது வருடம், வங்கக் கடலில் உருவான ஒரு தாழமுக்கம் எங்கள் பக்கம் திரும்பியது. புதன்கிழமை பின்னேரம் காற்று எழும்பியது. வியாழன் காலையில் படகுகள் ஓடாது என்று சொல்லிவிட்டார்கள். அது எங்களுக்குப் புதிதில்லை. மாரியில் இரண்டு மூன்று தடவை இப்படி நடக்கும். மாவும் சீனியும் பருப்பும் கொஞ்சம் கூடுதலாக வாங்கி வைத்திருப்போம். நானும் என்னோடு ஆசிரியர் விடுதியில் இருந்த கணித ரீச்சரும் அன்று இரவு புட்டவித்துச் சாப்பிட்டுவிட்டு, கதவு இடுக்கில் துணியை அடைத்துக்கொண்டு படுத்துவிட்டோம்.

என் வீடு புங்குடுதீவு, இறுப்பிட்டியில். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஒரு மணித்தியாலம். அங்கிருந்து மோட்டார்சைக்கிளில் பத்து நிமிடம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கணவர் நாலு வயது மகளை முன்னால் இருத்திக்கொண்டு துறைக்கு வந்து நிற்பார். திங்கட்கிழமை விடியப்புறம் அவரே என்னைத் திரும்பக் கொண்டுவந்து ஏற்றிவிடுவார். கஷ்டப் பிரதேசத்தில் நான் செய்யவேண்டிய சேவைக்காலம் எப்போதோ முடிந்திருந்தது. எனக்குப் பதிலாக வர விஞ்ஞான ஆசிரியர் இல்லை என்று இடமாற்றம் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. மகளுக்கு நான் வெள்ளிக்கிழமைகளில் வருகிற ஆள்.

அந்த வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் தொடங்க முன்னம், படகு விசயம் கேட்டு வரலாம் என்று சைக்கிளில் துறைப்பக்கம் போனேன். காற்றில் தொலைபேசிக் கோபுரம் பழுதாகிப் பள்ளிக்கூடத்தடியில் இணைப்பே இல்லை. துறையை அண்டினதும் என் கைத்தொலைபேசி ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தது. எல்லாம் கணவருடைய தவறிய அழைப்புகள். எடுத்துக் கதைத்தேன்.

"புதன் இரவே பிள்ளைக்குக் காச்சல் தொடங்கீட்டுது. விடேல்லை. இப்ப யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியிலை நிக்கிறம். டெங்கு எண்டுதான் சொல்லினம்."

"நான் வாறன்," என்றேன்.

"எப்பிடி வருவீர்?" என்றார். அவருடைய குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே கேட்டார்.

துறையில் நின்ற கடற்படைச் சிப்பாயிடம் கேட்டேன். அவன் கடலைக் காட்டினான். இறங்குதுறைப் பாலத்துக்கு மேலால் அலை அடித்து, கட்டியிருந்த வள்ளங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன. "ரீச்சர், நோயாளி மட்டும்தான். அதுவும் டொக்டர் கடிதம் தந்தாத்தான்," என்று அவனுக்குத் தெரிந்த தமிழில் சொன்னான். வானம் கொஞ்சம் வெளித்திருந்தபடியால் எதிரே புங்குடுதீவு ஒரு கறுத்தக் கோடாகத் தெரிந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்தேன். வேறு எங்கே போவது? முதலாவது பாடமே தரம் ஒன்பதுக்கு ஈர்ப்பு. சூரியத் தொகுதி அலகை அந்தக் கிழமைதான் தொடங்கியிருந்தேன்.

பலகையில் எழுதுகிற சோக்கட்டி ஒன்றை மேலே எறிந்து பிடித்தேன். பூமி சோக்கை இழுக்கிறது, சோக்கும் பூமியை இழுக்கிறது, பூமி பெரிது என்றபடியால் அது அசைவது எங்களுக்குத் தெரிவதில்லை என்று சொன்னேன். என் வாய் பழக்கத்தில் கதைத்துக்கொண்டிருந்தது. முன் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பினாள். தகப்பன் மீன்பிடிக்கிறவர். பாடம் எதுவானாலும் இடையில் மறித்துக் கேட்கிறவள் அவள்.

"பூமி சந்திரனையும் இழுக்குதெண்டால் அது ஏன் ரீச்சர் விழேல்லை?"

"விழுந்துகொண்டுதான் இருக்கு," என்றேன்.

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. பலகையில் பூமியென்று ஒரு பெரிய வட்டம் கீறி அதன்மேல் ஒரு பனை வரைந்தேன். பனை உச்சி வட்டிலிருந்து ஒரு கல்லை நேரே முன்னால் எறிந்தால் கொஞ்சத் தூரம் போய் விழும். இன்னும் விசையாக எறிந்தால் இன்னும் தூரம் போய் விழும். மறிக்கக் காற்றும் இல்லாமல், அளவுக்கு விசையாக எறிந்தால், கல் விழுகிற அளவுக்கு நிலமும் கீழே வளைந்து போய்க்கொண்டிருக்கும். கல் விழும், விழும், ஆனால் நிலத்தைத் தொடாது. சுற்றி வரும். சந்திரனும் அப்படித்தான் பூமியைச் சுற்றி விழுந்துகொண்டிருக்கிறது. பூமி அதேபோலச் சூரியனைச் சுற்றி விழுகிறது.

அவள் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "அதைவிட விசையா எறிஞ்சால்?" என்றாள்.

"சுத்தாமல் விட்டிட்டுப் போயிடும். திரும்பி வராது."

"எவ்வளவு வேகம் வேணும்?"

"செக்கனுக்குப் பதினொரு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட."

பின்னால் ஒருத்தி மனக்கணக்குப் போட்டுவிட்டுச் சத்தமாகச் சொன்னாள்: "அப்ப ரீச்சர், இஞ்சையிருந்து குறிகட்டுவானுக்கு ஒரு செக்கன்!"

வகுப்பு முழுக்கச் சிரிப்பு. நான் பலகைப் பக்கம் திரும்பி, கீறின வட்டத்தை மெதுவாக அழித்தேன். அழித்த பிறகும் அழித்துக்கொண்டு நின்றேன். சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கி, கடைசியில் கூரைத் தகரம் காற்றில் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

சனிக்கிழமை காலையும் மத்தியானமும் துறைக்குப் போனேன். மகளுக்குக் காய்ச்சல் நிற்கவில்லை, பிளேற்லெற் இறங்குகிறது, சேலைன் ஏற்றுகிறார்கள் என்று கணவர் தொலைபேசியில் சொன்னார். "உம்மைக் கேக்கிறாள்" என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்று நினைத்தவர்போல உடனே வேறு கதைக்குப் போனார்.

விடுதிக்கு வந்து கட்டிலில் இருந்தேன். கணித ரீச்சர் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தா. என்னிலும் ஏழெட்டு வயது மூத்தவ. ஊர்காவற்றுறைக்காரி. இரண்டு பெடியள் பெரிதாகிப் படிக்கப் போய்விட்டார்கள்.

"நான் ஒண்டு சொல்லுறன், கோவியாதையும்," என்றா. "இஞ்சத்தை ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சுக்கை நோகுது எண்டு சொல்லும். இடது கையும் விறைக்குது எண்டு சொல்லும். டொக்டர் கடிதம் தருவார். அவசரப் படகிலை ஏத்துவினம். அங்காலை இறங்கினாப் பிறகு ஆர் கேக்கிறது?"

"பொய் சொல்லவோ அக்கா?"

"தாய் பொய் சொல்லாமல் வேறை ஆர் சொல்லுறது?"

நான் மறுத்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அரை மணித்தியாலத்தில் உடுப்பு மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். போகிற வழியெல்லாம் நெஞ்சில் எந்த இடத்தைக் காட்டுவது என்று யோசித்துக்கொண்டு போனேன்.

டொக்டர் வவுனியாப் பெடியன். முதல் நியமனத்தில் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். ஈசீஜீ எடுத்தார். நாடியைப் பிடித்துக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்தார். கடதாசித் துண்டை மேசையில் விரித்து இரண்டு தரம் பார்த்தார். பிறகு தாதியை வெளியே ஏதோ எடுத்துவர அனுப்பிவிட்டுக் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்தார்.

"ரீச்சர், உங்கடை நெஞ்சுக்கு ஒண்டும் இல்லை. என்ன பிரச்சினை எண்டு சொல்லுங்கோ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மகளின் கதையைச் சொன்னேன். முடித்ததும் அவர் பேனையை மூடித் திறந்தார்.

"நேற்றுக் காலமை பிள்ளை பெற ஏலாமல் ஒரு அம்மாவை அனுப்பினனான். படகிலை நாலு பேர் போனவங்கள். திரும்பி வரேக்கை எஞ்சின் நிண்டு அரை மணித்தியாலம் அலையிலை கிடந்தவங்களாம். ஒருத்தனுக்குக் கை முறிஞ்சு இப்ப வாட்டிலை படுத்திருக்கிறான். நான் இண்டைக்குக் கடிதம் எழுதினால் மற்ற மூண்டு பேரும் கேள்வி கேக்காமல் வருவாங்கள்." என்னைப் பார்த்தார். "எழுதட்டோ ரீச்சர்?"

அவர் என்னை மடக்குவதற்காக அப்படிக் கேட்கவில்லை. நான் ஓம் என்று சொல்லியிருந்தால் எழுதித் தந்திருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதனால்தான் அந்தக் கேள்வி என்னால் தாங்க முடியாததாக இருந்தது. வாட்டுப் பக்கம் யாரோ இருமினார்கள். அது அந்தக் கை முறிந்தவனாகவும் இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம்.

"வேண்டாம்," என்றேன்.

"ரீச்சர், பிள்ளையின்ரை பேர், வாட்டு இலக்கம் தாங்கோ. இஞ்சை லைன் தொலைபேசி வேலை செய்யுது. அங்கை என்னோடை படிச்ச ஒராள் நிக்கிறார். காலமையும் பின்னேரமும் கேட்டுச் சொல்லுறன்."

அவர் ஆஸ்பத்திரி வாசல்வரை கூட வந்தார். பொழுதுபட்டிருந்தது. முகில் கிழிந்த இடத்தில், கிழக்கே, ஒரு பிரகாசமான புள்ளி தெரிந்தது.

"அது என்ன நட்சத்திரம் ரீச்சர்?"

"நட்சத்திரம் இல்லை. வியாழன். கோள். பாருங்கோ, மினுங்கேல்லை."

"நான் ஒவ்வொரு நாளும் உதைப் பாத்துக்கொண்டு நிக்கிறனான்," என்றார். "இடமாற்றத்துக்கு இன்னும் ஒரு வருசம் இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் காற்று. டொக்டர் சொன்னபடி இரண்டு தடவை ஆள் அனுப்பினார். பிளேற்லெற் இன்னும் இறங்குகிறது. வேறு ஆபத்தான அறிகுறி இல்லை. நான் விடுதிச் சுவருக்கும் கிணற்றடிக்கும் இடையில் எத்தனை தரம் நடந்தேன் என்று தெரியாது. இரவு சாப்பாட்டு நேரம் கணித ரீச்சர், "நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது," என்றா.

"நானும் போயிருக்கக் கூடாது அக்கா," என்றேன்.

திங்கட்கிழமை பிள்ளைகளைச் சூரியத் தொகுதி நடைக்குக் கூட்டிப்போவதென்று போன கிழமையே ஒழுங்கு செய்திருந்தேன். நிற்பாட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு போனால், தரம் ஒன்பது முழுவதும் வாசலில் நின்றது. சூரியனைச் செய்து முடித்திருந்தார்கள். ஒரு மீற்றர் குறுக்களவில் மட்டை வெட்டி, மஞ்சள் தாள் ஒட்டி, பள்ளிக்கூட வாசல் படலையில் கயிற்றால் கட்டியிருந்தார்கள். காற்றில் அது உதறிக்கொண்டிருந்தது. கோள்கள் எல்லாம் ஒரு சொப்பிங் பையில் இருந்தன. புதனுக்கு ஒரு கொத்தமல்லி. வெள்ளிக்கும் பூமிக்கும் கொண்டைக் கடலை. செவ்வாய்க்கு மிளகு. வியாழனுக்கு உரித்த தேங்காய். சனிக்கு விளாம்பழம், வளையத்துக்கு ஓலை பின்னிச் சுற்றியிருந்தார்கள். யுரேனசுக்கும் நெப்டியூனுக்கும் ஊறுகாய் போடுகிற தேசிக்காய்.

சூரியன் இந்த அளவென்றால் மற்றவை எந்த அளவு, எவ்வளவு தூரம் என்று அவர்களே கணக்குப் பார்த்திருந்தார்கள். எந்த வீதியால் போவது என்பதை மட்டும் நான் சொல்லவேண்டும்.

"துறை வீதி," என்றேன்.

அது நேரான வீதி என்று காரணம் சொன்னேன். அவ்வளவு நேரான வீதி ஒன்றும் இல்லை. துறைப்பக்கம் போனால் தொலைபேசி வேலை செய்யும். அதுதான் காரணம்.

நாற்பத்திரண்டாவது மீற்றரில் கொத்தமல்லியை ஒரு கல்லின்மேல் வைத்தோம். நூற்றேழாவது மீற்றரில் பூமி. ஒரு கடலை. "இதுக்குள்ளைதான் கனடா, லண்டன், நெடுந்தீவு எல்லாம் கிடக்கோ?" என்றாள் ஒருத்தி. திரும்பிப் பார்த்தால் படலையில் சூரியன் தெளிவாகத் தெரிந்தது. செவ்வாய் தாண்டினதும் நடை நீண்டது. வியாழனுக்குப் போக இன்னும் நானூறு மீற்றர் வரை ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் பவளக்கல் வேலி, மழை வெள்ளம் நின்ற புல்வெளி, அதில் மாடுகள். பிள்ளைகள் கதையைக் குறைத்தார்கள். படத்தில் எல்லாக் கோள்களும் தோளோடு தோள் நிற்கும். உண்மையில் இடையில் இருப்பது வெறுமை என்பதை நானும் அன்றுதான் காலால் அறிந்தேன்.

சனியை வைக்கிற இடத்துக்குக் கிட்டத் தொலைபேசி அடித்தது.

"காச்சல் விட்டிட்டுது," என்றார் கணவர்.

"அப்ப நல்லதுதானே?"

"இல்லை. காச்சல் விடுற நேரந்தான் கவனமாம். இண்டைக்கும் நாளைக்கும் பாக்கவேணுமாம். மணித்தியாலத்துக்கு ஒருக்காப் பிறசர் பாக்கினம். வயிறு நோகுது எண்டு அழுறாள்." அதோடு இணைப்பு அறுந்துபோனது.

நான் வீதியோரக் கல்வேலியில் இருந்துவிட்டேன். பிள்ளைகள் ஒரு தூரத்தில் கூட்டமாக நின்றார்கள். விளாம்பழம் வைத்திருந்தவள், வெள்ளிக்கிழமை கேள்வி கேட்ட அதே பிள்ளை, கிட்ட வந்தாள்.

"உங்கடை பிள்ளைக்குச் சுகமில்லை எண்டு எங்களுக்குத் தெரியும் ரீச்சர்," என்றாள். "நேற்றே தெரியும். அம்மா கோயிலுக்கு நேந்திருக்கிறா. நீங்கள் இருங்கோ. மிச்சத்தை நாங்கள் வைக்கிறம்."

அவர்கள் என்னை விட்டுவிட்டு நடந்தார்கள். அவள் உரத்து அடி எண்ணிக்கொண்டு போகிற சத்தம் காற்றில் வந்துகொண்டிருந்தது. திரும்பக் கணவரை எடுக்கப் பார்த்தேன். கிடைக்கவில்லை. தனியே அங்கே இருப்பது நடப்பதைவிடப் பயமாக இருந்தது. எழும்பி அவர்களுக்குப் பின்னால் போனேன். யுரேனசைத் தாண்டித்தான் பிடித்தேன்.

நெப்டியூன் துறைக்குக் கிட்ட, கடற்கரையில் வந்தது. மூன்றேகால் கிலோமீற்றர். தேசிக்காயைக் காற்று உருட்டாமல் ஒரு சிப்பிக்குள் வைத்தார்கள். சூரியன் இருந்த திசை மட்டும் தெரிந்தது, சூரியன் தெரியவில்லை.

"இவ்வளவு தூரத்திலையும் சூரியன் இதைப் பிடிச்சு வைச்சிருக்குதோ?" என்றாள் அவள்.

"ஓம். தூரம் கூடக்கூட ஈர்ப்புக் குறையும். ஆனால் இல்லாமல் போகாது."

"அப்ப அடுத்த நட்சத்திரத்தை எங்கை வைக்கிறது?"

மணலில் கணக்குப் போட்டேன். இந்த அளவில் பார்த்தால் சூரியனுக்கு மிகக் கிட்ட இருக்கிற நட்சத்திரம் ஏறக்குறைய இருபத்தொன்பதாயிரம் கிலோமீற்றருக்கு அங்கால். பிள்ளைகள் நம்பவில்லை. திரும்ப ஒருதரம் போட்டார்கள். அதேதான் வந்தது.

"கனடாவுக்கு அங்காலையோ?" என்று கேட்டாள் ஒருத்தி. அவளுடைய தகப்பன் அங்கே இருக்கிறார். அவள் பிறந்த பிறகு இரண்டு தடவை வந்து போயிருக்கிறார்.

"கனடாவைப்போல ரெண்டு மடங்கு தூரம்."

அவள் கடலைப் பார்த்தாள். மற்றப் பிள்ளைகளும் பார்த்தார்கள். நான் மட்டும் பார்க்கவில்லை. புங்குடுதீவுக் கோடு அங்கே தெரியும் என்று எனக்குத் தெரியும்.

அன்று பின்னேரம் டொக்டரே சைக்கிளில் விடுதிக்கு வந்தார். பிறசர் நிலையாக இருக்கிறது, பிளேற்லெற் இறங்கினது நின்றுவிட்டது, சலம் போகிறது என்றார். "நாளைக்கு இந்நேரம் தாண்டியிடுவா," என்றார். நான் கும்பிட்டேன். அவர் வெட்கப்பட்டு, கணித ரீச்சர் கொடுத்த தேத்தண்ணியை நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலை முதற்படகு விட்டார்கள். உள்ளே கதவை அடைத்து, ஒருவர்மேல் ஒருவர் சரிந்துதான் போனோம். நான் மூன்று தடவை சத்தி எடுத்தேன். குறிகட்டுவானில் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. மகள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். கையில் ஊசி குத்தி மட்டை வைத்துக் கட்டியிருந்தது. உதடு வெடித்திருந்தது. நான் குனிந்ததும் முகத்தைத் தகப்பன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அம்மா வந்திருக்கிறா, பாருங்கோ," என்றார் அவர்.

"நீங்கள் ஏன் வரேல்லை?" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"கடல் விடேல்லையம்மா."

"அப்பா வந்தவர்."

கட்டிலின் மற்றப் பக்கத்தில் இருந்து அவளுடைய பாதத்தைத் தொட்டுக்கொண்டிருந்தேன். காலை இழுக்கவில்லை. பின்னேரம் ஐந்து மணிபோல, தண்ணி வேண்டும் என்று என்னிடம் கேட்டாள். எழும்பி எடுத்துக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு நானும் கணவரும் இரண்டு நாள் சண்டை பிடித்தோம். வேலையை விடுகிறேன் என்றேன். என்னுடைய சம்பளம் இல்லாமல் ஏலாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிள்ளையை என்னோடு கூட்டிப்போகிறேன் என்றேன். "அங்கை திரும்பக் காச்சல் வந்தால் என்ன செய்வீர்?" என்றார். இடமாற்றத்துக்கு மறுபடி எழுதினேன். மாற்று ஆள் இல்லை என்று மறுபடி பதில் வந்தது. இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் நான் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தேன்.

ஒரு வழி கண்டுபிடித்தவர் கணவர்தான். மாதத்தில் இரண்டு கிழமை நான் வருவது, மற்ற இரண்டு கிழமை அவர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை நெடுந்தீவுக்கு வருவது. "படகு நிண்டால் மூண்டு பேரும் சேந்து நிப்பம்," என்றார்.

தென்மேற்குக் காற்று அடிக்கிற சோளகக் காலத்தில் அது ஒரு தடவை நடந்தது. ஞாயிற்றுக்கிழமைப் படகை மறித்துவிட்டார்கள். கணித ரீச்சர் தன் அறையை எங்களுக்கு விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனா. அடுத்தநாள் கந்தோர் வேலைக்குப் போகவேண்டுமே என்று கணவர் விடுதி முற்றத்தில் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தார். மகள் குசினி வாசலில் இருந்து பாணும் சீனியும் சாப்பிட்டுக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"அப்பா ஏன் நடக்கிறார்?"

"வீட்டை போக ஏலாதாம்."

"நல்லதுதானே," என்றாள், மற்றப் பாண் துண்டுக்குக் கையை நீட்டியபடி.